நட்சத்திரத்துக்காக ஒரு பூசை

என் மனைவி ஷாரனை என்னிடமிருந்து பிரிக்கப் பார்த்தது ஒரு நட்சத்திரம். ஆளாக இருந்திருந்தால் நேரில் போய் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அவள் பல்கலைக்கழகத்தில் வானியல் ஆய்வாளர். நான் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில், சரக்கு விமானங்களில் எந்தப் பெட்டி எங்கே போகவேண்டும் என்று திட்டம் போடுகிறவன். எத்தனையோ ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில் சிவனே என்று கிடந்த ஒரு சிவப்புப் புள்ளி, பிப்ரவரியில் திடீரென்று வெடித்துப் பிரகாசமானது. அது என்ன என்று கண்டுபிடிக்கும் வேலை இவள் தலையில் விழுந்தது. சாதாரண வெடிப்பு என்றால் இங்கிருந்தபடியே ஒரு கட்டுரை எழுதி முடித்துவிடலாம். அபூர்வம் என்றால், அதைத் தொடர்ந்து கவனிக்கச் சிலி நாட்டுத் தொலைநோக்கி நிலையத்தில் இரண்டு வருடம் இருக்கவேண்டும்.

"கண்டிப்பா போயிட்டு வா லா, எனக்குப் பெருமைதான்" என்று முதல் நாளே சொல்லித் தொலைத்தேன். நல்ல கணவன் என்று பெயரெடுக்கும் ஆசை. உள்ளுக்குள் பகீரென்றது.

அதன்பிறகு எங்கள் ஃபேரர் பார்க் வீட்டில் தினமும் குழப்பம்தான். ஷிஃப்ட் முடிந்து வந்ததும், "இன்னிக்கு என்ன சொல்லுது?" என்று கேட்பேன். பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை உறிஞ்சி வெடிக்கிற சாதாரண ரகம் என்பாள். அன்று சோறு நன்றாக இறங்கும். மறுநாளே, "இல்ல டாரியஸ். அந்த ரகம்னா வெடிச்சதும் சூடேறி நீலமாகணும். இது ஊத ஊதக் குளிர்ந்து இன்னும் சிவப்பாகுது" என்பாள். இன்னொரு நாள், சாகப்போகிற நட்சத்திரத்தின் கடைசி மூச்சாக இருக்கலாம். அதற்கடுத்த நாள், இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றி வந்து, மோதி, ஒன்றாகிவிட்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் அபூர்வம். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளியே மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துவைப்பேன். பிறகு ஒரு வாரமாக, எப்போது கேட்டாலும் "தெரியல" என்று மட்டும் சொன்னாள்.

வேறு வழி தெரியாமல் பங்குக் கோயில் அலுவலகத்தில் ஒரு பூசைக் கருத்து கொடுத்தேன். யார் எதற்காக வேண்டிக்கொள்கிறார்கள் என்று அந்தக் கருத்துகளைப் பூசை தொடங்குமுன் மைக்கில் வாசிப்பார்கள். நாங்கள் எப்போதும் ஞாயிறு காலைப் பூசைக்குத்தான் போவோம். அதனால் விவரமாகச் சனிக்கிழமை மாலைக்குக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை பார்த்து, "நாளைக்கு மீட்டிங் இருக்கு, இன்னிக்கே பூசைக்குப் போயிடலாம். மம்மியும் வராங்க" என்றாள் ஷாரன். தலைவலி என்றேன். பனடால் மாத்திரை எடுத்து நீட்டினாள்.

வாசகர் மைக்கைத் தட்டினார். "ஷாரன் ஆராயும் நட்சத்திரம் அபூர்வமானதாக அமைய, தாயார் ரூபி."

என் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு வியர்த்தது.

"ஷாரன் ஆராயும் நட்சத்திரம்..." வாசகர் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்து, தனக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தார். "சாதாரணமானதாக அமைய, கணவர் டாரியஸ்."

முன்வரிசைகள் மொத்தமும் திரும்பின. ஷாரன் மட்டும் திரும்பவில்லை. பூசை முடியும்வரை பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பட்டபாடு ஆண்டவருக்குத்தான் தெரியும்.

வெளியே வந்ததும், "என்ன மாப்பிள்ளை, ஆண்டவரையே குழப்பிட்டீங்களே" என்று சொல்லிவிட்டு மாமியார் கறிபஃப் வாங்கப் போனார்.

"அது ரெண்டு நட்சத்திரம் சேர்ந்து ஒண்ணானதுதான்" என்றாள் ஷாரன். "போன வாரமே கன்ஃபர்ம் ஆயிடுச்சு."

"அப்புறம் ஏன் தெரியல தெரியலன்னே?"

"நட்சத்திரம் புரிஞ்சிருச்சு. நீதான் புரியல. பொண்டாட்டி ரெண்டு வருஷம் இருக்கமாட்டான்னு தெரிஞ்சும் ஒருத்தன் இவ்வளவு சந்தோஷமா இருப்பானான்னு யோசிச்சிட்டே இருந்தேன்." அவள் கண் கலங்கியிருந்தது. "இன்னிக்கு மைக்குல கேட்டப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

"நீ இல்லாம என்னால முடியாது, ஷாரன். ஆனா போகாதேன்னு சொல்லவும் மனசு வரல."

"எனக்கும் அதேதான். போகணும்னும் இருக்கு, போகவேணாம்னும் இருக்கு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த வாரத்துக்கு நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே கருத்தாக் கொடுப்போம்."

"என்னன்னு கொடுக்கிறது?"

கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியல லா" என்றாள். இந்தத் தடவை அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.