மூக்கனின் இடம்

இடது கை நகங்களை வெட்டி முடித்து வலது கையை எடுத்தபோது, "மூக்கன் எங்க நிக்கிறான்?" என்று கேட்டாள் சித்தி. காலையிலிருந்து அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இன்னும் வெளியதான் சித்தி," என்றாள் நகம் வெட்டிக்கொண்டிருந்த மகள். சித்திக்கு அவள் மூத்த தாரத்தின் பெண்.

மூக்கன், கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் அழிந்துபோன பிராணி. முதலைக்கு நெருங்கிய சொந்தம் என்று சித்தி நம்பினாள். கிடைத்தது மண்டையோட்டின் பின்பாதியும் ஒரு கணுக்கால் எலும்பும்தான். மூக்குப் பகுதி கிடைக்காததால் குறும்பாக அந்தப் பெயரை வைத்தாள். அருங்காட்சியக வேலையை விட்ட பிறகும் அவனை விடவில்லை. கை நடுங்கத் தொடங்கியதும், அவள் சொல்லச் சொல்ல மகள்தான் கணினியில் ஏற்றினாள். ஓர் எலும்பில் குறிப்பிட்ட அடையாளம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சைபர். எல்லாப் பிராணிகளையும் ஒப்பிட்டு, யாருக்கு யார் சொந்தம் என்று கணினி கிளை கிளையாக வரைந்து காட்டும். அதில் மூக்கன் எப்போதும் முதலைகளை விட்டு எங்கோ தள்ளி நின்றான்.

"கணுக்கால் அப்படியே முதலைக் கணுக்கால்," என்று முனகினாள் சித்தி. "மூக்கெலும்புக்கெல்லாம் என்ன போட்ட?"

"சைபர்."

"ஏன்?"

"மூக்கே கிடைக்கலையே சித்தி."

சித்தியின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அவள் சிரிப்பு இப்போது அவ்வளவுதான். "அதுக்காக அவனை ஊரை விட்டே தள்ளி வச்சிட்டியா?" மூச்சு வாங்கினாள். "கிடைக்காதது வேற, இல்லாதது வேற. கேள்விக்குறி போடு."

சுண்டுவிரல் மட்டும் பாக்கி இருந்தபோது சித்தி கண்ணயர்ந்தாள். கையை மெல்லப் போர்வைக்குள் வைத்தாள் மகள். மதியம், அந்தத் தூக்கத்திலேயே மூச்சு அடங்கியது.

அத்தை வந்தாள். மறைந்த அப்பாவின் தங்கை. கொஞ்சம் அழுதாள், போர்வையைச் சரிசெய்தாள், பிறகு சமையலறைக்குப் போய் டீ போட்டாள். டம்ளரை நீட்டும்போது குரலைத் தாழ்த்தினாள்.

"பெத்தவளுக்குக்கூட யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க. அவ ஒரு நாளாவது உன்னை மகளேன்னு கூப்பிட்டிருப்பாளா?"

சித்தி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மகள் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி அது. 'இல்லை' என்ற ஒற்றைச் சொல் பதிலாக எப்போதும் தயாராக இருக்கும். இன்று அது நாக்கு நுனியில் நின்றுவிட்டது. சின்ன வயதில் ஒருமுறை கால் பிசகிய அவளை வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். சித்தி அவள் பாதத்தை மடியில் வைத்து, கட்டைவிரலால் ஒவ்வோர் எலும்பாகத் தடவிப் பார்த்தாள். எதுவும் உடையவில்லை என்று தெரிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. வெளியே இருட்டும் வரை அப்படியே பிடித்திருந்தாள்.

"என் காதுல விழுந்ததில்லை அத்தை," என்றாள்.

அத்தை உறவினர்களுக்குச் சொல்ல ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

மகள் கட்டிலருகே உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். மூக்கனின் வரிசையில் இருந்த சைபர்களை ஒவ்வொன்றாக அழித்துக் கேள்விக்குறி போட்டாள். கணுக்காலுக்கான ஒன்றை அப்படியே விட்டாள். கணினி சற்று நேரம் யோசித்தது. பிறகு கிளைகள் இடம் மாறின. மூக்கன் உள்ளே வந்து, முதலைகளுக்கு அடுத்த கிளையில் இருந்தான்.

தினமும் செய்வதுபோல் திரையைக் கட்டில் பக்கம் திருப்பி வைத்தாள்.

பிறகு நகவெட்டியைத் தேடி எடுத்து, சித்தியின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, சுண்டுவிரல் நகத்தை வெட்டத் தொடங்கினாள்.