கவிழ்ந்து கிடந்த கூடை

விதைக்கடை அக்காவுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, எல்லாம் வாயால் வந்த வினை. ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதைத் திரும்ப வாங்க முடியாமல் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். அரசுக் காட்டுக்குள், ஓடைக்கு மேலே, ஓர் ஏக்கர் வெட்டவெளி. மானும் முயலும் தின்ன அங்கேயே பயிர் விதைத்துவிட்டால், வெயில் மாதங்களில் அவை தோட்டங்களுக்குள் இறங்காது என்பது வனத்துறை ரேஞ்சரம்மாவின் திட்டம். வேலி கிடையாது, அறுவடை கிடையாது, விளைவதெல்லாம் விலங்குக்கே. காராமணி விதையும், குதிரைமசால் என்ற தீவனப்பயிரின் விதையும் அக்கா கடையிலிருந்து போயின. உழுது விதைத்தவன் அவள் தம்பி, டிராக்டர்காரன். ஊரில் அவனுக்கு 'அவசரம்' என்று பெயர். சும்மா வந்த பெயரா அது? சட்டையின் உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு தன் கல்யாணப் படத்துக்கே நின்றவன். போகிற இடத்தில் எதையாவது வைத்துவிட்டு வருவான். விதைத்த அன்றுகூட அக்காவின் பெரிய இரும்புக் கம்பிக் கூடையை எங்கேயோ விட்டுவிட்டு வந்து நிற்க, அவளும் வாய் வலிக்கும்வரை திட்டினாள்.

மூன்று வாரம் கழித்து ரேஞ்சரம்மா போய்ப் பார்த்தால் நிலம் மொட்டை. மான் குளம்புத் தடம் மட்டும் எக்கச்சக்கம். "பாவம், வந்து வந்து பார்த்துட்டு ஏமாந்து போயிருக்குங்க," என்று சொல்லிக்கொண்டே நேராகக் கடைக்கு வந்தார்.

"விதை சரியில்லையா, விதைச்சது சரியில்லையா?"

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. குதிரைமசால் விதை கடுகைவிடச் சின்னது. மண்ணில் மேலோட்டமாகத்தான் கிடக்க வேண்டும், தூவிவிட்டு ஒரு முள்கிளையை இழுத்தால் போதும், விரல் ஆழம் போனால் முளைக்காது. இதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கடைக்குள் நான்கு வாடிக்கையாளர்கள் வேறு காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என் விதையில குறை இருக்காது மேடம். அவன் அவசரத்துல விதைச்சதுக்கு மேலேயே கலப்பையை ஓட்டிப் புதைச்சிருப்பான்."

பார்த்தாளா? இல்லை. கேட்டாளா? அதுவும் இல்லை. கடையின் பெயரைக் காப்பாற்றக் கூடப்பிறந்தவனைப் பலி கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான். இன்னும் ஆறு வெட்டவெளிகளை உழ வேண்டியிருந்தது. அந்த வேலையை நம்பித்தான் அவன் டிராக்டருக்குப் புது டயர் மாட்டியிருந்தான். வேறு ஆளைப் பார்ப்பதாக ரேஞ்சரம்மா சொல்லிவிட்டுப் போனார். தினமும் காலையில் கடை வாசலில் டிராக்டரை நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டுப் போகிற தம்பி, மறுநாள் நிறுத்தவில்லை. அதற்கடுத்த நாளும் நேராகப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டு போனான்.

நான்காம் நாள் ரேஞ்சரம்மா இருவரையும் காட்டுக்கு வரச்சொன்னார். அக்கா புது விதைப் பையோடும், பழக்கதோஷத்தில் கட்டிய சாப்பாட்டு டப்பாவோடும் ஜீப்பில் போனாள். தம்பி முன்னாலேயே வந்து டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவள் இறங்கியதும் இன்னும் கவனமாக மரத்தைப் பார்த்தான்.

"வேலையை வேற ஆளுக்கு மாத்தற தாள்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்க பக்கத்தையும் கேட்கணும்ல," என்றார் ரேஞ்சரம்மா. "எப்படி விதைச்சீங்க?"

"கிளையைத்தான் இழுத்தேன் மேடம்." தம்பியின் குரல் சுரத்தில்லாமல் வந்தது. "அப்படித்தான் ஞாபகம்."

அக்கா குத்துக்காலிட்டு மண்ணை விரலால் கிளறினாள். ஆழத்தில் அழுகிய விதை கிடைத்தால் தான் சொன்னது உண்மையாகும். கிடைத்துவிடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. நாலு இடத்தில் தோண்டினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"கேட்டாச்சுல்ல மேடம்? நான் கிளம்பறேன்," என்றான் தம்பி. "அக்கா கூடை அந்தப் புதர்கிட்ட கெடக்கு. அன்னிக்கு கவுத்துப்போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். அதை எடுத்துக் குடுத்துட்டா என் கணக்கு தீர்ந்துது."

நிலத்தின் ஓரத்துக்குப் போய்க் குனிந்து கூடையைத் தூக்கினான். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அசையவில்லை.

"அக்கா," என்றான், மூன்று நாளில் முதல் தடவையாக. "இது வரமாட்டேங்குது."

அக்கா ஓடினாள். காராமணிக் கொடி கம்பிக்குக் கம்பி சுற்றிக்கொண்டு கூடையைத் தரையோடு தைத்துவைத்திருந்தது. உள்ளே குதிரைமசால் ஒரு சாண் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நெருக்கியடித்து நின்றது. கூடைக்கு ஒரு விரல் வெளியே மொட்டை மண்.

ரேஞ்சரம்மா தொப்பியைக் கழற்றிவிட்டு மண்ணில் மண்டியிட்டார். கண்ணைத் தரையோடு வைத்துப் பார்த்தார். பிறகு ஊர்ந்து போய் இன்னோர் இடத்தில் பார்த்தார். நிலமெங்கும் அரிசி உயரத்துக்குத் தண்டு, ஒவ்வொன்றும் கடித்த தண்டு.

"முளைக்காம எங்க போச்சு? முளைக்க முளைக்கத் தின்னுட்டுப் போயிருக்குங்க," என்றார். "பதினெட்டு வருஷமா காட்டுல சுத்தறேன், தடத்தைப் பார்த்துட்டு ஏமாந்து போச்சுன்னு சொன்னேன் பாருங்க. ஏமாந்தது நான்."

கையில் வைத்திருந்த தாளை நான்காகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அக்காவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. இறங்கிய வேகத்தில் அழுகையும் வந்தது.

"மேடம், நான் பார்க்காமலே சொன்னேன். கடைப் பேரு போயிடுமேன்னு பழியை இவன் தலையில போட்டேன். எழுதறதுன்னா அதையும் எழுதிக்குங்க."

"அதை எழுத என்கிட்ட தாள் இல்லை," என்றார் ரேஞ்சரம்மா. "ஆறு இடத்தையும் இவரே ஓட்டட்டும். முளைச்சுதான்னு தெரிய ஒவ்வொண்ணுலயும் ஒரு கூடை கவுத்து வைக்கணும். இதையும் எடுக்காதீங்க."

"மறந்து வெச்சுட்டு வர்றதுன்னா என்னைவிட்டா ஆள் கிடையாது மேடம்," என்றான் தம்பி.

ரேஞ்சரம்மா சிரித்துக்கொண்டே ஓடைப்பக்கம் இறங்கிப் போனார். அக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்தாள்.

"நாலு திட்டாவது திட்டியிருக்கலாம்லடா. பேசாம போனியே, அதான் என்னைக் கொன்னுது."

"எந்த மூஞ்சியோட திட்டறது?" தம்பி கொடியின் நுனியைக் கம்பிக்குள் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தான். "கிளையைத்தான் இழுத்தேன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா நீ சொன்னேன்னதும், அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், நாமதான் கலப்பையை ஓட்டியிருப்போம்னு நம்பிட்டேன். உன் கடைப் பேரைக் கெடுத்துட்டோமேன்னுதான் வாசல்ல நிறுத்தலை."

அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் போட்டு அவனிடம் நீட்டினாள். இருவரும் கூடைக்குப் பக்கத்தில், வெறும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.