நாற்பது மைக்ரான் ஆட்டம்

பட்டறையில் அவனை எல்லோரும் மைக்ரான் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து, அதில் ஒன்றுக்காகச் சண்டைக்கு நிற்கிற ஆள் என்பதால் வந்த பெயர். அங்கே மேனேஜராக இருந்தவன் அவனுக்குச் சகலை. மைக்ரானுடைய மனைவியின் தங்கையைக் கட்டியவன். வீட்டில் ‘தம்பி’, பட்டறைக்குள் ‘சார்’. ஒரு வருஷமாக மைக்ரான் நாக்கைக் கடித்துக்கொண்டு அப்படியே ஓட்டிவந்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை மேனேஜர் சின்ன டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மைக்ரான் ஓட்டுகிற மெஷின் மேல் வைத்தான். உள்ளே பஞ்சில் பொதிந்த, எஃகைவிடக் கடினமான ஆறு கார்பைடு டேப்கள். துளைக்குள் இறங்கித் திருகு மரை வெட்டுகிற கருவிதான் டேப். அதுவரை அவர்கள் எஃகு டேப்தான் போட்டுவந்தார்கள்.

“இனிமே இதுதான். மூணு மடங்கு வேகம். ஷோரூம்ல நானே பார்த்தேன், பழத்துல கத்தி எறங்குற மாதிரி எறங்குது.”

மைக்ரான் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். “நல்ல டேப்தான் சார். நம்ம மெஷினுக்குத்தான் ஆகாது. எஃகுன்னா கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும். இது வளையாது, ஒடிஞ்சிடும். டேப்பைப் புடிச்சுச் சுத்துற நம்ம ஸ்பிண்டில்ல நாப்பது மைக்ரான் ஆட்டம் இருக்கு. பேரிங் மாத்தணும்னு ரெண்டு தடவ எழுதிக் குடுத்திருக்கேன்.”

“உங்களுக்கு எதுலதான் ஆட்டம் இல்ல? எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையே ஆடுதுன்னு சொன்ன ஆளு நீங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த மேஜை ஆடத்தான் செய்தது.

கழித்துப் போட்ட இரும்புத் துண்டுகளில் முதலில் ஓட்டிப் பார்த்தார்கள். அறுபது துளை, ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் கைதட்டினான். மைக்ரானுக்கு முகம் சுண்டிப்போனது.

வியாழக்கிழமை பெரிய பம்ப்பின் உடல் மைக்ரானின் மெஷினுக்கு வந்தது. ஒரு ஆள் உயர வார்ப்பிரும்பு. அதற்கு முன்பே மற்ற மெஷின்களில் ஆறு நாள் கடைந்து, இழைத்து, துளை போட்டாயிற்று. மரை மட்டும்தான் பாக்கி, முப்பத்திரண்டு துளை.

“இதுக்கு மட்டும் பழைய டேப் போட்டுக்கறேன் சார்.”

“சொன்னதைச் செய்ங்க.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோர் எதிரிலும் சிரிப்புக்கு ஆளானது அவனுக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ‘சரி, உடையட்டும். அப்பத்தான் புத்தி வரும்’ என்று நினைத்தபடியே பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

இருபத்தொன்பதாவது துளையில் உடைந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. சோற்றில் கல் கடிபட்டதுபோல ஒரு சத்தம். துளைக்குள் சிக்கிய துண்டின்மேல் எந்த டிரில்லும் ஏறவில்லை. மின்பொறி வைத்து அரித்து எடுக்கப் போனதில் துளையின் சுவரும் சேர்ந்து போனது. ஆறு நாள் உழைப்பு குப்பைக்குப் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் மைக்ரான் வீட்டுக்கு வந்தபோது கொழுந்தியாள் கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள். மனைவி ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். ‘ஆபரேட்டர் டேப்பைச் சரியாகப் பொருத்தாததால் உடைந்தது’ என்று டைப் அடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

“இவ புருஷனுக்கு இந்த மாசம்தான் வேலை நிரந்தரமாகுதாம். நீங்க போட்டா பெரிசு பண்ண மாட்டாங்களாம், அவரே பாத்துக்கறேன்னு சொல்லி அனுப்பியிருக்காரு.”

“அவரே வந்து கேக்கக் கூடாதா?”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவரு வருவாரு மாமா?” என்றாள் கொழுந்தியாள்.

“வேண்டாம்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். உடையட்டும் என்று நினைத்துப் பொத்தானை அழுத்தியது நினைவுக்கு வந்தது. அதை யாரிடம் சொல்வது? பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். மனைவி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

பத்து நாளில் அவனை மெஷினிலிருந்து எடுத்து, பிசிறு தேய்க்கிற மேஜைக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்தில், பழைய மெஷினால் இனி ஆகாது என்று மேனேஜரே அறிக்கை எழுதிப் புது மெஷின் வாங்க வைத்தான். அதற்கு ஒரு பெண் ஆபரேட்டர் வந்தாள், கெட்டிக்காரி. அதே கார்பைடு டேப்தான். நானூறு துளை போட்டும் ஒன்றுகூட உடையவில்லை.

மேனேஜர் பிசிறு மேஜைப் பக்கம் வந்து நின்றான். “பாத்தீங்களா அண்ணே? டேப்ல ஒரு குத்தமும் இல்லன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?”

மைக்ரான் அரத்தைக் கீழே வைத்தான். “ஆமா. இந்தப் புது மெஷின்ல எனக்கும் ஒரு ஷிப்ட் குடுங்க.”

“நான் கேட்டுப் பார்க்காம இருப்பேனா? மேல ஒத்துக்க மாட்டேங்கறாங்க. ஃபைல்ல உங்க கையெழுத்தே இருக்கே அண்ணே, நான் என்ன பண்ணட்டும்?”

மேனேஜர் முகத்தில் கள்ளத்தனம் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டான். கையெழுத்துக்காகத் தான் அனுப்பிய காகிதத்தைத் தானே நம்ப ஆரம்பித்துவிட்டான் என்பது அப்போதுதான் மைக்ரானுக்கு உறைத்தது. அரத்தை மறுபடி கையில் எடுத்து அடுத்த துண்டைத் தேய்க்கத் தொடங்கினான். அந்த ஷிப்டுக்கு இன்னும் பதினொன்று பாக்கி இருந்தது.