ஒரு நாளும் விடாத நோன்பு

ஊர்ப் பெண்கள் தந்தூர் அடுப்பில் ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது அடுத்த தெரு சவோதத் அதைச் சொன்னாள்.

"ஹோசியத் அக்கா, உங்க மருமக என்ன ஆம்பளையா? நோன்பு முடியப் போகுது, ஒரு நாள்கூட விடலியே. எங்க வீட்டு ரெண்டு மருமகளும் ஆளுக்கு ஒரு வாரம் திருட்டு ரொட்டி தின்னாச்சு."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். ஹோசியத்தும் சிரித்தாள். வீட்டுக்கு நடக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

தொழுகையும் நோன்பும் இல்லாத மாதவிலக்கு நாட்களில் மருமகள்கள் ஆண்கள் கண்ணில் படாமல் சமையலறைத் திரைக்குப் பின்னால் சாப்பிடுவார்கள். மாமியார் உள்ளே போகுமுன் ஒரு தடவை இருமுவாள். போன வருடம் குல்ருக்சோருக்காக ஹோசியத் அப்படி இருமியிருக்கிறாள். இந்த வருடம் அந்தத் தேவை வரவேயில்லை. மகன் தலேர் இலையுதிர் காலத்திலேயே ரஷ்யாவுக்குக் கட்டிட வேலைக்குப் போய்விட்டான்.

அன்று மாலையே அவனைப் போனில் அழைத்து, குல்ருக்சோர் உண்டாகியிருக்கிறாள் போலிருக்கிறது என்று சொன்னாள். மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"யாரு அவன்?" என்றான் தலேர்.

"எனக்கு எப்படிடா தெரியும்?" என்றாள்.

அப்படி யாரும் இல்லை, எனக்குச் சந்தேகம்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது வாயில் வரவில்லை.

மறுநாள் காலை மருமகளை மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். குல்ருக்சோர் ஏன் என்று கேட்கவில்லை. தலைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு டாக்சியில் ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் மலைச்சரிவில் இன்னும் பனி கிடந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. ஹோசியத் அதைக் குற்றம் செய்தவளின் மௌனம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஸ்கேன் பார்த்து முடித்த டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கர்ப்பம் இல்ல."

"அப்புறம் ஏன் நின்னுச்சு?"

"எந்த ஊரு நீங்க?"

ஹோசியத் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"குளிர்காலத்துல பனிச்சரிவு வந்த ஊரா? இவ உள்ள மாட்டினவளா?"

"மாட்டுக் கொட்டகையில. பக்கத்து வீட்டு சனவ்பரும் இவளும். இவளைத்தான் உயிரோட எடுத்தாங்க."

"அம்மா, உசுருக்குப் பயந்த உடம்பு இப்போ பிள்ளை பெக்கிற நேரம் இல்லன்னு முடிவு பண்ணிடும். மூளையிலிருந்து கருப்பைக்குப் போற உத்தரவு நின்னுரும். உங்க பள்ளத்தாக்குல இருந்தே இப்படி எத்தனையோ பேர் வந்தாச்சு. இவ சாப்பிடுறாளா? தூங்குறாளா?"

ஹோசியத்துக்கு அப்போதுதான் உறைத்தது. நோன்பு திறக்கும் நேரத்தில் இந்தப் பெண் தேநீரை மட்டும் கையில் வைத்திருப்பாள். விடியுமுன் எழுப்பப் போனால் ஏற்கனவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். எல்லாம் கண்ணில் பட்டதுதான். பனியிலிருந்து எடுத்த சில நாட்களில் குல்ருக்சோர் ஏதோ சொல்ல வந்தாள். "அம்மா, சனவ்பர் அக்கா உள்ள…" என்று தொடங்கினாள். "போனவ போயிட்டா. அழுதா திரும்பி வருவாளா? போய் மாவு பிசை" என்றுதான் ஹோசியத் சொன்னாள். அவள் போய் மாவு பிசைந்தாள்.

வெளியே வந்ததும் ஹோசியத் மகனை அழைத்தாள்.

"ஒண்ணுமில்லடா. பயத்துல நின்னிருக்காம். தப்பு என்மேல."

எதிர்ப்பக்கம் சிமெண்ட் கலவை இயந்திரத்தின் சத்தத்துக்கு மேல் தலேர் கத்திப் பேசினான்.

"நேத்தே அவளுக்கு தலாக் சொல்லி அனுப்பிட்டேன்மா. குரல் பதிவுல. கூட இருந்த பசங்க எல்லாம் கேட்டாங்க. மூணு தடவை இல்ல, ஒரு தடவைதான் சொன்னேன், அவளைத் திரும்ப எடுத்துக்கலாம். அவகிட்ட நீயே சொல்லு."

ஹோசியத் திரும்பிப் பார்த்தாள். குல்ருக்சோர் டாக்சி நிறுத்தத்துச் சுவரோரம் நின்றிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அந்தப் பதிவை நேத்தே கேட்டேன்."

"அப்புறம் ஏன் என்கூட வந்தே?"

"டாக்டர் சொல்றதை நீங்க உங்க காதால கேக்கணும்னு."

"அவன் திரும்ப எடுத்துக்கறானாம். இந்தா, பேசு." ஹோசியத் போனை நீட்டினாள். குல்ருக்சோர் வாங்கவில்லை. உள்ளிருந்து தலேரின் குரல் ஹலோ ஹலோ என்றது. ஹோசியத் அதை அணைத்தாள்.

"எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்மா."

ஒரு டாக்சி டிரைவர் அவள் அண்ணன் ஊரின் பெயரைச் சொல்லி ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வண்டி நிறைந்தால்தான் எடுப்பான். இன்னும் ஆள் வேண்டும். கெஞ்சுவதற்கு அந்த நேரம் போதும். ஹோசியத்துக்குக் கெஞ்ச வாய் வரவில்லை. எப்போதோ கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டாள்.

"பனிக்குள்ள என்னம்மா நடந்துச்சு?"

குல்ருக்சோர் தரையைப் பார்த்தாள்.

"இருட்டு. அக்கா முகம் தெரியல. பேசிக்கிட்டே இருந்தாங்க. பசுவுக்கு இன்னும் பால் கறக்கலியேன்னாங்க. உங்களைக் கிண்டல்கூடப் பண்ணாங்க, ஹோசியத் அக்கா தோண்டுறவங்களையும் திட்டிக்கிட்டு நிப்பாங்கன்னு. அப்புறம் பேசல. நான்தான் அவங்களுக்கும் சேர்த்துப் பேசிக்கிட்டு இருந்தேன். வெளிய எடுக்குற வரைக்கும்."

ஹோசியத் அவள் கையைப் பிடிக்கப் போனாள். குல்ருக்சோர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவுமில்லை.

"எல்லாரும் ஏறுங்க" என்றான் டிரைவர்.

அவள் பின் இருக்கையில் நடுவில் உட்கார்ந்தாள். மலைப் பனி தெரியும் ஜன்னல் பக்கம் இடம் இருந்தது. வேண்டாம் என்றாள். கதவை வெளியிலிருந்து ஹோசியத்தான் சாத்தினாள். முதல் தடவை சரியாகப் பொருந்தவில்லை. திறந்து, இன்னும் அழுத்திச் சாத்தினாள்.