தையலுக்குள் விட்ட துணி

யட்டவத்த பாதையில் தினமும் நடந்து நஸ்லியா இளைத்திருந்தாள். பெருநாள் சல்வாரை அந்த உடம்புக்கே அளந்து தைக்கக் கொடுத்தாள். பிறகு நோன்பு வந்தது. நோன்பு துறக்கும் நேரத்துச் சமூசாவும் ரோல்ஸும் அவளைப் பழைய உடம்புக்கே கொண்டுவந்து விட்டன. பெருநாளன்று சல்வாரின் மேல்சட்டை கக்கத்தில் கிழிந்தது.

தையல்காரி மஸூதா ராத்தா அதைப் புரட்டிக் காட்டினாள். உள்தையலில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி இருந்தது.

"நீ திரும்பி வருவேன்னு தெரியும் புள்ள. பிரிச்சு விடவா?"

"எல்லாருக்கும் இப்பிடி விடுவீங்களா?"

"மெலிஞ்சி வாற எல்லாருக்கும்."

நஸ்லியாவுக்குக் காது சூடேறியது.

"கிழிஞ்சத மட்டும் தைங்க. உள்ளுக்க ஈக்கிற துணிய வெட்டிருங்க."

"பைத்தியமா? வெட்டினா பொறகு விட ஏலாதே!"

"அதுக்குத்தான்."

"அலுமாரியில தொங்கப் போகுது."

"தொங்கட்டும். நான் மெலிஞ்சி அதுக்குள்ள வருவேன்."

ராத்தா கத்தரிக்கோலை எடுக்கவில்லை. நஸ்லியாவே எடுத்து வெட்டினாள்.

வெளியே அவள் வீட்டுக்குப் போகும் பஸ் நின்றது. அவள் ஏறவில்லை. யட்டவத்த பாதையின் ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. வாங்கட்டும் என்று நடந்தாள்.