ரிமோட்டைப் பிடுங்கிய கேப்டன்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஆறப்போட்டு எழுது என்பார்கள். போட்டேன், ஆறவில்லை. அதனால் சூட்டோடே பரிமாறுகிறேன். நாக்கு சுட்டால் நான் பொறுப்பில்லை.

நடந்தது இதுதான். மாடல் விமானங்கள் பறக்கவிடும் ஒரு கிளப்பின் மைதானத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் அக்கா கையிலிருந்த ரிமோட்டை ஒருவர் பிடுங்கினார். அக்கா மாதக்கணக்கில் உட்கார்ந்து பழுதுபார்த்த பழைய விமானம் தரையில் குத்தி உடைந்தது. ஓடிவந்தவர்கள் எல்லோரும் தோளில் தட்டி ஆறுதல் சொன்னார்கள். அக்காவுக்கு அல்ல, பிடுங்கியவருக்கு.

(ரிமோட் என்று எழுதியதற்குக் கிளப்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அது டிரான்ஸ்மிட்டராம், டிவிக்கு இருப்பதுதான் ரிமோட்டாம். வரட்டும். எனக்கும் இரண்டு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது.)

2

முதல் தொடக்கம்: "வானம் அன்று துடைத்துவைத்த கண்ணாடி போல..."

வேண்டாம். வானத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "அப்பா விட்டுச்சென்ற அந்த விமானத்தைப் பரணிலிருந்து இறக்கியபோது அக்காவின் கண்கள்..."

இதைப் பாதிக் கதை வரை இழுத்துக்கொண்டு போனேன். காரணம், பத்திரிகை ஆசிரியர். போனில் சொன்னார்: "கதை நல்லா வரும் சார். ஆனா ஒரு பல் டாக்டர், அம்பது வயசு, எதுக்கு ஏரோப்ளேன் விடணும்? வாசகர் கேப்பாங்கல்ல? ஒரு இழப்பு, ஒரு ஏக்கம், ஏதாவது வைங்க."

வைத்தேன். அக்காவின் கிளினிக்குக்குப் போய், ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் படித்துக் காட்டினேன். அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்பாவுக்குப் பட்டமே விடத் தெரியாதேடா."

"கதைக்காகக்கா."

"நான் பழைய சாமான் கடையில வாங்கினேன். வாலை எலி கடிச்சிருந்துச்சு. பார்த்ததும் பிடிச்சிருந்துச்சு. இதுல எங்கேருந்துடா இழப்பு வந்துச்சு? கிளப்புல அத்தனை ஆம்பளைங்க விடுறாங்க. அவங்கள்ல ஒருத்தரையாவது, உங்களுக்கு என்ன சோகம்னு கேட்டிருப்பாரா உங்க ஆசிரியர்?"

நான் காகிதத்தை மடித்தேன்.

"அந்தாளு ரிமோட்டப் பிடுங்கினாரு. நீ அப்பாவைக் கூட்டிட்டு வந்து ஏரோப்ளேனையே பிடுங்குற. அடுத்த ஆளை உள்ள அனுப்பு."

அன்றைக்கே அப்பாவை அடித்துவிட்டேன். அதாவது, அப்பா வரும் பத்திகளை.

3

ஆகவே காரணம் இல்லாமல் தொடங்குகிறேன். அக்காவுக்குப் பிடித்திருந்தது.

விமானத்துக்கு ஏறக்குறைய அக்காவின் வயது. தக்கையைப் போல லேசான பால்சா மரத்தில் எலும்புக்கூடு, அதன்மேல் பட்டுத்துணி, துணிமேல் வார்னிஷ். துணி நைந்திருந்தது, உள்ளே பசை கண்ணாடியாய் இறுகி விரிசல் விட்டிருந்தது. அக்கா பல்லைச் சுரண்டும் கொக்கியால் அந்தப் பசையை மூட்டு மூட்டாகச் சுரண்டி எடுத்தாள். உடைந்த விலா ஒவ்வொன்றுக்கும் பதில் விலா வெட்டினாள். புதுத்துணியை இழுத்து ஒட்டி வார்னிஷ் பூசினாள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்ததும் விரலால் சுண்டிப் பார்ப்பாள். சத்தம் சரியில்லையென்றால் மறுபடி பூச்சு.

சாப்பாட்டு மேசை முழுதும் இறக்கை. அத்தான் ஜன்னல் கட்டையில் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் வாயை இவ்வளவு நேரம் பார்த்ததில்ல உங்கக்கா" என்றார். ஆனால் முதல்முறை சக்கரம் தரையை விட்டபோது கைதட்டியவர் அவர்தான்.

இரண்டு விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ரகத்துக்கு இறக்கையில் அசையும் தட்டுகள் கிடையாது. வாலில் உள்ள சுக்கானை வைத்துத்தான் திரும்ப வேண்டும். அக்காவின் ரிமோட்டில் அது இடதுபக்கக் குச்சி. இன்னொன்று, இதன் இன்ஜின் எண்ணெய் தீர்ந்ததும் நின்றுவிடும். நிற்பது கோளாறு இல்லை. நின்ற பிறகு பருந்து மாதிரி மிதந்து இறங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட விமானம் அது.

இவ்வளவு தெரிந்துவிட்டதால், கிளப்பில் பாதிப்பேரை விட உங்களுக்கு இப்போது அதிகம் தெரியும்.

4

பிடுங்கியவர் கிளப்பின் செயலாளர். எல்லோரும் 'கேப்டன்' என்பார்கள். கப்பலும் ஓட்டியதில்லை, விமானமும் ஓட்டியதில்லை. சிமெண்ட் ஏஜென்சி வைத்திருந்தார். தொப்பி போட்டிருப்பார், அதனால் கேப்டன்.

(இந்தப் பாத்திரத்தில் எனக்கு ஒரு தடுமாற்றம். வில்லனுக்கும் நல்ல பக்கம் காட்டவேண்டும் என்பது எழுத்தாளர்களுக்குள் ஒரு வழக்கம். கேப்டனுக்கு இருக்கிறது. புதிதாக வருபவருக்குத் தன் பேட்டரியைத் தருவார், வண்டி இல்லாதவரை வீடுவரை கொண்டுவிடுவார். அன்றைக்கும் அவர் கெட்டது நினைக்கவில்லை, காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். எனக்கு எரிவதே அங்கேதான்.)

விமானம் மைதானத்தின் தொலைகோடியில் இருந்தபோது இன்ஜின் நின்றது. அக்கா எதிர்பார்த்ததுதான். காற்றுக்கு எதிராக இறக்குவதற்காக அகலமாக ஒரு சுற்று எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் முகத்தில் பதற்றம் இல்லை. நோயாளியின் ஈறில் ஊசி போடும்போது இருக்கும் முகம்தான்.

"இன்ஜின் போச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

கேப்டன் ஓடிவந்தார். "குடுங்க மேடம், குடுங்க!"

"வேண்டாம். நான் இறக்கிட்டிருக்கேன்."

"ஐயோ, குடுங்கன்னா!"

பிடுங்கிவிட்டார். ரிமோட்டின் கழுத்துப்பட்டை அக்காவின் காதில் மாட்டி இழுத்தது. மற்ற விமானங்களைத் திருப்பும் பழக்கதோஷத்தில் அவர் வலதுபக்கக் குச்சியை ஓரத்துக்குத் தள்ளினார். விமானம் திரும்பவில்லை. இறக்கையில்தான் தட்டு இல்லையே. பயந்துபோய் விமானத்தின் மூக்கை மேலே இழுத்தார். மிதந்துகொண்டிருந்தது வேகமிழந்து ஒரு கணம் நின்றது, பிறகு இடது தோளைச் சாய்த்துக்கொண்டு கீழே

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எனக்கு மனமில்லை.)

அக்கா நடந்துபோய்த் துண்டுகளைப் பொறுக்கினாள். காதோரம் ரத்தம் கசிந்தது. "நான் மட்டும் வாங்கலைன்னா யார் தலையிலயாவது விழுந்திருக்கும்" என்றார் கேப்டன். உடனே எல்லோரும் அவர் தோளைத் தட்டினார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டில் நீட்டினார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? கத்தினேன். "உறுப்பினர் இல்லாதவங்க கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க" என்றார்கள்.

5

சாயங்காலம் வாட்ஸப்பில் கிளப் செய்தி வந்தது. பழைய மாடல் ஒன்று இயக்கியவரின் தவறால் விழுந்ததாம், செயலாளரின் துரித நடவடிக்கையால் யாருக்கும் காயமில்லையாம். கீழே வரிசையாகக் கைகூப்பல்கள், பூங்கொத்துகள்.

காயமில்லை! காதில் பிளாஸ்திரியோடு அக்கா இதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளே புது விதி ஒன்று முன்மொழியப்பட்டது. பழைய மாடல்களைப் பறக்கவிடும்போது அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். ஆபத்து என்று அவர் நினைத்தால் ரிமோட்டை வாங்கிக்கொள்ளலாம். அதாவது, பிடுங்கியவர்களே இனி பிடுங்குவதைச் சட்டமாக்கிக்கொள்கிறார்கள். இதைக் கேட்டு எனக்கு வந்த வார்த்தைகளைப் பத்திரிகை அச்சிடாது.

6

முடிவுகள்.

அ. கேப்டன் மன்னிப்புக் கேட்கிறார், கண் கலங்குகிறது. ஆசிரியருக்குப் பிடிக்கும். நடக்கவில்லை.

ஆ. அக்கா கிளப்பை விட்டு விலகி, யாருமில்லாத வெளியில் தனியாகப் பறக்கவிடுகிறாள். விடுதலை. அக்காவிடம் சொன்னேன். "நான் எதுக்குடா போகணும்? உடைச்சவன் உள்ள, நான் வெளியவா?" என்றாள்.

இ. உண்மையில் நடந்தது.

கிளப்பின் தகரக்கொட்டகையில் கூட்டம். பார்வையாளனாக ஓரத்தில் என்னை உட்காரவிட்டார்கள். அக்கா உடைந்த இறக்கையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அழவில்லை, கத்தவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க இருந்தீங்க. ரிமோட் யார் கையில இருந்தப்ப விழுந்துச்சு?"

ஒருவர் செருப்பைப் பார்த்தார். ஒருவர், "நடந்தது நடந்துபோச்சு, விடுங்க மேடம்" என்றார். இன்னொருவர் போனை எடுத்து, வராத அழைப்பைப் பேச வெளியே போனார்.

கடைசி வரிசையில் மருந்துக்கடைக்காரர். கூட்டங்களில் வாயே திறக்காதவர். எழுந்து நின்றார். "கேப்டன் கையில. மேடம் வேண்டாம்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல."

கேப்டன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "சரி சரி, அவங்கவங்க பார்வை. விதியை ஓட்டுக்கு விடலாம். ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

எத்தனை கைகள் எழுந்தன என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால், 'அடப்பாவமே' என்றோ 'சபாஷ்' என்றோ சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். உங்களை அவ்வளவு சுலபமாக விடுவதாக இல்லை.

நான்காம் பகுதியைப் படித்தீர்கள் அல்லவா? அப்படியென்றால் நீங்களும் பார்த்தவர். இதோ நாற்காலி. அக்கா உங்கள் முன்னால்தான் வந்து நிற்கிறாள்.