வெளியில் கூப்பிடும் பேர்

மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து, காதோரம் கிடந்த முடியை ஒதுக்கி, மெதுவாக மனைவிக்கு மாட்டிவிட்டார் கண்ணாடிக் கடைக்காரர். நினைவில்லாமல் கிடக்கிறவளுக்கு எதற்குக் கண்ணாடி என்று காலையிலிருந்து நர்ஸ் அதைக் கழற்றிக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அந்தப் பக்கம் போனதும் இவர் மாட்டிவிடுவார். இந்தமுறை கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டார்.

"கண்ணத் தொறந்தா எதிர்ல இருக்கறது யாருன்னு தெரிய வேண்டாமாம்மா?" என்றார்.

"தொறந்தா பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் மருந்து இறங்குகிற வேகத்தைச் சரிபார்த்தாள். சொன்னது கொஞ்சம் அதிகம் என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும். "பேசிக்கிட்டே இருங்க. காது கேக்கும்" என்றாள் போகும்போது.

பேசிக்கொண்டுதான் இருந்தார். ராத்திரி தாண்டுவது கஷ்டம், சொல்ல வேண்டியவர்களுக்கு எல்லாம் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் காலையிலேயே வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லியிருந்தார். இவருக்கென்று அப்படி யாரும் இல்லை. பிள்ளை குட்டி கிடையாது. ஊரில் உள்ள பிள்ளைகளெல்லாம் அவளுக்குத்தான் இருந்தார்கள்.

அவள் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறவள். மைதானத்தில் அவளுக்கு ஒரே பேர்தான், கோச். புதிதாகச் சேர்கிற பிள்ளை தெரியாமல் 'மிஸ்' என்று ஆரம்பித்தால், "மிஸ் கிளாஸ்ல இருப்பாங்க, போய்த் தேடு" என்பாள். 'ஆன்ட்டி' என்று கூப்பிட்ட ஒரு பையன் அன்று சாயங்காலம் முழுவதும் ஓடினான். கிளப் தலைவர் பெரிய மனுஷர். அவரே மேடையில் ஏதோ நினைப்பில் 'நம்ம சகோதரி' என்று ஆரம்பித்து, இவள் பார்த்த பார்வையில் தொண்டையைச் செருமிக்கொண்டு 'கோச்' என்று மாற்றிக்கொண்டார். பட்டமோ பவிசோ அவளுக்கு வேண்டியதில்லை. அந்த வார்த்தையைச் சொல்லும்போது பிள்ளைகளின் முதுகு தானாக நிமிர்கிறது என்பாள். அது மட்டும் நிஜம். தலை நரைத்துக் கடைக்குக் கண்ணாடி போட வருகிறவர்கள்கூட, "கோச் எப்படி இருக்காங்க சார்?" என்று கேட்கும்போது ஒரு விரற்கடை நிமிர்ந்துதான் கேட்பார்கள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் இவரும் விளையாட்டாக, "கோச், அந்த உப்ப எடுங்க" என்றார். சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்களும் அப்படிக் கூப்பிட்டா, நான் வீட்டுக்குன்னு எங்கங்க வர்றது?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் வேண்டும் என்பதுபோலக் கேட்டாள். அதோடு அந்த வார்த்தை அவர் வாயில் வருவது நின்றுபோயிற்று. பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமும் வரவில்லை. "இந்தா" என்பார். வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் "என்னங்க" என்று வந்துவிடும். பகலெல்லாம் அதட்டி அதட்டிக் கம்மிப்போன தொண்டையிலிருந்து அந்த ஒன்று மட்டும் எப்படித்தான் அவ்வளவு மெத்தென்று வருமோ! அதைக் கேட்கிறதற்காகவே ஒன்றுமில்லாததற்கெல்லாம் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல, சும்மா" என்று சொல்லித் திட்டும் வாங்கியிருக்கிறார்.

"இந்தா" என்றார் இப்போது.

வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

காலையில் ஒட்டகம் வந்துவிட்டுப் போனதிலிருந்தே அவருக்கு மனசு ஆறவில்லை. கால்களை அகட்டி அகட்டி வைத்து ஓடிய ஒரு பெண்ணுக்கு மைதானத்தில் வைத்த பேர் அது. இன்றைக்கு அவள் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை. உள்ளே வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கட்டிலருகே குனிந்து, "கோச், ஒட்டகம் வந்திருக்கேன்" என்றாள். இரண்டு நாளாகத் திறக்காத கண் திறந்தது.

"கை ஆடுதுடி. முழங்கைய உள்ள வை."

அவ்வளவுதான். கண் மூடிக்கொண்டது. ஒட்டகம் சிரித்தாள், பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "என்னைத் தெரிஞ்சுக்கிட்டாங்க சார்! பாத்தீங்கல்ல?" என்றாள். பார்த்தேன்மா, பார்த்தேன் என்று இவரும் சிரித்தார். உள்ளே வயிறு எரிந்தது. சாகக் கிடக்கிறவள் விஷயத்தில் போய் ஒருத்தி மேல் பொறாமைப்படுவதா என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டினால் அடங்குகிற எரிச்சலாக அது இல்லை. ஒரு 'என்னங்க' வேண்டும். போவதற்குமுன் ஒரே ஒரு தடவை. அதைக்கூட அவளிடம் கேட்கக் கூடாதா?

நாற்காலியை இழுத்து ஒட்டிப் போட்டுக்கொண்டார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். சொந்த மனைவியின் பேர் யாரோ அடுத்த வீட்டுக்காரியின் பேர்போல இருந்தது. "இந்தாம்மா, நான்தான் வந்திருக்கேன். உன் வீட்டுக்காரன்" என்றார். 'வந்திருக்கேன்' என்று ஏன் சொன்னோம், எங்கேயும் போகவே இல்லையே என்று பிறகுதான் தோன்றியது. கையைப் பிடித்து அழுத்தினார். அது பிடித்த இடத்திலேயே கிடந்தது.

மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு முறையும் அடுத்தது வருகிறதா என்று இவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

என்ன சொன்னால் அவள் திரும்புவாள் என்று அவருக்குத் தெரியும். சொன்னால் வீட்டுக்கென்று தனியாக மிச்சமிருக்கிறவள் போய்விடுவாள் என்பதும் தெரியும். அறையைச் சுற்றிப் பார்த்தார். யாரும் இல்லை. இவ்வளவு வருஷம் கட்டிக் காத்ததை இந்த ஒரு சாயங்காலத்துக்காக விடுவதா என்று நினைத்தார். இனி ஒரு சாயங்காலம் இல்லையே என்றும் நினைத்தார்.

"கோச்" என்றார்.

நெற்றி சுருங்கியது. கண் திறந்தது. கண்ணாடி வழியாக நேராக அவரைப் பார்த்தாள்.

"யாருடா அது?"

ஆயுசில் ஒரு நாளும் அவரை 'நீ' என்றுகூடச் சொன்னதில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

"நான்தான்."

"லேட்டு."

"நான்தாம்மா. இந்தா, என்னைப் பாரு..."

"ரெண்டு ரவுண்டு போயிட்டு வா." கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, மூடிய கண்ணோடே, "கால் சத்தம் கேக்கலியே" என்றாள்.

உட்கார்ந்த இடத்திலேயே காலைத் தட்டியிருக்கலாம். வராந்தாவில் கொஞ்சம் நின்றுவிட்டு வந்திருக்கலாம். ஏமாற்றிவிட்டு அவள் முன்னால் வந்து நின்ற பிள்ளைகள் என்ன பாடு பட்டார்கள் என்று கதை கதையாகக் கேட்டவர் அவர். எழுந்து வெளியே போனார்.

தரைத்தளத்து அறை அது. ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துகிற இடம், அதைச் சுற்றிச் சிமெண்டுப் பாதை. முதலில் வேகமாக நடந்தார். நடந்தால் அது ரவுண்டாகுமா என்று கூச்சமாக இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். ஓடினார். தொந்தி முன்னால் போயிற்று, இவர் பின்னால் போனார். காவல்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "என்ன சார், யாராச்சும் தொரத்துறாங்களா?" என்றார். பதில் சொல்ல மூச்சு இல்லை. கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

ஜன்னலைத் தாண்டும்போது உள்ளே பார்த்தார். முகம் இந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அப்போதுதான் முழங்கை ஆடுகிறதோ என்று சந்தேகம் வந்து, உள்ளே இழுத்துக்கொண்டார்.

அடுத்த ரவுண்டில் நெஞ்சு அடைத்தது. பாதம் சுட்டது. ஒரு காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். போதும் என்று யாரும் சொல்லவில்லை என்பதால் மறுபடி கிளம்பினார். ஜன்னலருகே வந்தபோது கட்டில் தெரியவில்லை. நர்ஸின் முதுகு மறைத்துக்கொண்டிருந்தது. வராந்தாவில் இன்னொருத்தி ஓடிவந்துகொண்டிருந்தாள். அவர் நிற்கவில்லை. மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

"எங்க சார் போயிட்டீங்க?" நர்ஸ் கதவருகிலேயே நின்றிருந்தாள். "தேடினேனே. இப்பத்தான்..." மேற்கொண்டு சொல்லவில்லை.

அவர் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். கண்ணாடியை நர்ஸ் கழற்றவில்லை.

"நான் வர்றப்ப ஏதோ முணுமுணுத்தாங்க சார். எண்ணற மாதிரி இருந்துச்சு" என்றாள் நர்ஸ். பிறகு அவருடைய வெறுங்காலையும் நனைந்த சட்டையையும் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "காலைல மாதிரி மறுபடி ஸ்டூடண்ட் யாராவது வந்திருந்தாங்களா?" என்று கேட்டாள்.

அவர் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டார்.

"ஆமாம்மா" என்றார். "ஒருத்தன் வந்திருந்தான். கொஞ்சம் லேட்டா வந்தான்."

நர்ஸ் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள். மூச்சு இறங்கும்வரை அவர் உட்காரவில்லை.